பத்து ரூபாய் பேரம்

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் கடல் இல்லை. ஆனால் கடலைச் சேர்ந்த மற்ற எல்லாம் இருக்கின்றன. கடற்படைக்குப் போர்க்கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கிதர்பூர் துறைமுகம் கூப்பிடு தூரத்தில். ஹூக்ளியில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்குகிறது. சில நாட்களில் கடல் நீர் சுவர்போல எழுந்து ஆற்றை எதிர்த்து வருவதும் உண்டு. வங்காளிகள் அதை 'பான்' என்கிறார்கள். அலையும் மணலும் வேண்டுமானால் மட்டும் ஹௌராவுக்குப் போய் ரயில் ஏற வேண்டும்.

2024 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அப்படி ஏறியது ஒரு குடும்பம். தென்கிழக்கு ரயில்வே தலைமையகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து 2008இல் ஓய்வு பெற்ற 76 வயதுத் தாத்தா, பாட்டி, 39 வயது மகள், வங்காளி மருமகன், ஒன்பது வயதுப் பேரன். தமிழர் பையில் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். மருமகன் பையில் லூச்சி, ஆலூர் தம், ஆளுக்கொன்றாக ஐந்து குரங்குக் குல்லாய்.

"பூரியில் இதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?" என்று சிரித்தார் தாத்தா. "காலையில் காற்று அடிக்கும், பாபா" என்று தமிழில் பதில் வந்தது. பன்னிரண்டு வருடத் திருமண வாழ்க்கையில் மருமகன் கற்ற தமிழில் பாதி, உடம்புக்கு ஆகாத விஷயங்களைப் பற்றியது.

வங்காளிகளின் சுற்றுலாவுக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு: 'தீபுதா'. தீகா, பூரி, டார்ஜிலிங் மூன்றின் முதல் எழுத்துகள். கேட்டால் யாரோ ஓர் அண்ணன் பெயர் போல இருக்கும். இவற்றில் தீகாதான் பக்கம். 2004இல் ரயிலும் வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் விடுமுறை, கூடவே குழந்தையும் பெரியவர்களும் என்றால், கார்டன் ரீச்வாசிகளின் மனம் பூரியை நோக்கியே போகும். அதற்கு ஒரு காரணம் கார்டன் ரீச்சிலேயே இருக்கிறது.

லக்னோவை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா, 1856இல் வந்து சேர்ந்தது இந்த ஆற்றங்கரைக்குத்தான். 1887இல் இறக்கும்வரை மேட்டியாபுரூஸில் ஒரு குட்டி லக்னோவை நடத்தினார். அவர் இறந்த அதே ஆண்டில் உருவான பெங்கால் - நாக்பூர் ரயில்வே பின்னர் இதே கரையில் தன் தலைமையகத்தை அமைத்தது. பூரியில் 1925இல் ஓர் ஓட்டலைத் தொடங்கியதும் அந்தக் கம்பெனிதான். கம்பெனி போய்விட்டது, 'பி.என்.ஆர். ஓட்டல்' என்ற பெயர் இன்னும் போகவில்லை. அதன் வாரிசாக 1955இல் உருவான தென்கிழக்கு ரயில்வேயின் எல்லைக்குள்தான் பூரி நெடுங்காலம் இருந்தது. 2003இல் புவனேஸ்வரில் கிழக்குக் கடற்கரை ரயில்வே செயல்படத் தொடங்கியபோது பூரி அந்தப் பக்கம் போயிற்று. தாத்தாவுக்கு இது இன்னும் சொத்துப் பிரிவினை மாதிரிதான். "எங்க ஸ்டேஷன்" என்றுதான் சொல்வார்.

500 கிலோமீட்டர். 2023 மே மாதத்திலிருந்து வந்தே பாரத் ரயில் ஆறரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் அது பகல் வண்டி. சனிக்கிழமையில் பாதியைத் தின்றுவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இரவு வண்டியே லாபம். தூக்கத்திலேயே ஒடிசா வந்துவிடுகிறது. ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலை ஹௌரா.

பேரன் தன் நோட்டில் ஆறு விஷயங்கள் எழுதி வைத்திருந்தான். கடல், கோயில் கொடி, கோனார்க், சிலிகா டால்பின், ரகுராஜ்பூர், காஜா மிட்டாய். இரண்டு நாளுக்கு ஆறு. மருமகன் அதை மணிக்கணக்கில் பிரித்து அட்டவணையே போட்டுவிட்டார். அட்டவணையில் முதல் வரி: 'சனி காலை 8 - 10, கடல் (அம்மா தவிர).'

அம்மா தவிர என்பது அந்தக் குடும்பத்தில் முப்பது வருடச் சட்டம். மகள் பூரிக்கு வருவார். மணலில் உட்காருவார், துண்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார், தண்ணீரில் கால் வைக்கமாட்டார். பேரனுக்குத் தெரிந்த காரணம், குடும்பம் முழுவதற்கும் தெரிந்த காரணம்தான்: 1994இல், ஒன்பது வயதில், அப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடி அலையில் சிக்கினாள். சொன்ன பேச்சைக் கேட்காததன் பலன். வீட்டில் அடம்பிடிக்கும் எந்தக் குழந்தைக்கும் சொல்லப்படும் நீதிக்கதை.

சனிக்கிழமை காலை சுவர்க்கத்வார் கடற்கரையில் வழக்கமான திருவிழா. ஒட்டகம், தேங்காய், முத்துமாலை, கறுப்பு டியூப். கூம்பு வடிவத் தொப்பியோடு நுலியாக்கள். இவர்கள் பூரியின் தெலுங்கு பேசும் மீனவர்கள்; குளிக்க வருகிறவர்களின் கையைப் பிடித்து அலைக்குள் அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவருவது இவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்துத் தொழில். நெய்தல் நில மக்களுக்குச் சங்கத் தமிழில் உள்ள பெயர்களில் ஒன்று நுளையர். தமிழ் படித்தவர்களின் காது இந்த ஒற்றுமையில் ஒரு நிமிடமாவது நிற்கும்.

பூரியின் கடல் பார்ப்பதற்கு நேர்மையானதல்ல. பேரலை உடையும் இடம் பயமுறுத்தும். பக்கத்திலேயே ஓரிடம் அலையே இல்லாமல் அமைதியாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் குழந்தையோடு அந்த அமைதியில்தான் இறங்குவார்கள். ஆனால் கரையில் வந்து குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அதுதான். இடுப்பளவு நீரில் நிற்கிறவரையும் அது உள்ளே இழுத்துவிடும். சிக்கினால் கரையை நோக்கி நீந்திக் களைத்துவிடக் கூடாது; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, இழுப்பைத் தாண்டிய பிறகு திரும்ப வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களே பெரும்பாலும் இதை எதிர்த்து மோதுகிறார்கள். வாய்க்கால் இன்று எங்கே இருக்கிறது என்பது நுலியாவுக்குத் தெரியும். அவருக்குக் கொடுக்கும் கூலி அந்த அறிவுக்குத்தான்.

பேரன் நுலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கத்தித் தீர்த்தான். மகள் மணலிலிருந்து எழவில்லை. தாத்தா வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவே இல்லை.

மதியம் கோயில். தோல் பெல்ட், மொபைல் எல்லாவற்றையும் வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. 2024 ஜனவரியிலிருந்து உடை விஷயத்திலும் கண்டிப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலை எழுப்பத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் சோழ இளவரசி. பெயரிலேயே சோழன் இருக்கிறான். "அப்போ இது பாதி நம்ம கோயில்" என்றான் பேரன். "நான் வங்காளி, எனக்கு எந்தப் பாதி?" என்றார் மருமகன். ஆனந்த பஜாரில் மண்சட்டியில் வாங்கிய மகாபிரசாதத்தை எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உருளைக்கிழங்கும் தக்காளியும் சேராத சமையல். இந்தச் சோற்றுக்கு முன்னால் சாதி கிடையாது என்பது பூரியின் பழைய பெருமை.

மாலையில் பெரிய வீதியில் நின்றபடி கொடி மாற்றுவதைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். ஒரு சேவகர் எந்தப் பாதுகாப்புக் கயிறும் இல்லாமல் கோபுரத்தில் ஏறி, நீலச் சக்கரத்தில் பழைய கொடியை இறக்கிப் புதியதைக் கட்டுகிறார். தினமும் நடக்கிறது. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை, தலையை நிமிர்த்தினால் போதும். குழந்தைகளோடு பூரிக்குப் போகிறவர்கள் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது.

"அவருக்குப் பயமா இருக்காதா, தாத்தா?"

"அவங்க அப்பா கூட்டிட்டுப் போய்ப் பழக்கியிருப்பார்."

"உனக்கு ஏம்மா யாரும் பழக்கலே?"

கேள்வி மகளைக் கேட்டது. பதில் சொல்லியிருக்க வேண்டியவர் வேறொருவர். அன்றிரவு ஹாலிடே ஹோமின் வராந்தாவில், கொசுவர்த்திப் புகையின் நடுவே, அவர் சொன்னார்.

1994இல் ஒரு நுலியா வந்து பத்து ரூபாய் கேட்டார். அவர் தரமுடியாது என்றார். ஐந்து என்று பேரம் பேசினார். பிறகு, "நான் காவிரியில் நீந்தினவன், எனக்கு எதுக்கய்யா ஆள்?" என்று அனுப்பிவிட்டார். கும்பகோணத்துக்காரருக்கு ஆறு தெரியும்; கடல் தெரியாது. அமைதியாக இருந்த இடமாகப் பார்த்து மகளை டியூபில் உட்காரவைத்து இறங்கினார். ஓர் அலை அவரைப் புரட்டியது. எழுந்தபோது டியூப் இருபது அடி தள்ளி, மகள் அதில் இல்லை. மகள் கையை விடவில்லை. விட்டது அவர் கை. அனுப்பிவிட்ட அதே நுலியாதான் பாய்ந்து போய்த் தூக்கிவந்தார். நடுங்கிக்கொண்டு ஐம்பது ரூபாயை நீட்டியபோது அந்த மனிதர் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். முதலில் கேட்டது அதுதானே.

கரையில் கூட்டம் கூடி, "குழந்தையை இப்படியா விடுவது?" என்று கேட்டபோது, "கையை உதறிட்டு ஓடிட்டா" என்று அவர் வாயில் வந்தது. சொன்னது நிலைத்துவிட்டது. மகளே அதை நம்பினாள். தண்ணீருக்கு அவள் பயப்பட்டது பாதிதான். தன்னை நம்ப முடியாது என்ற பயம் மீதி.

யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டிதான், "முப்பது வருஷமா எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டார். மருமகன் என்ன செய்வதென்று தெரியாமல் மாமனாருக்கு ஒரு குல்லாயைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அட்டவணைப்படி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோனார்க் கிளம்பியிருக்க வேண்டும். 35 கிலோமீட்டர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் சூரியர் கோயில், கல்லில் 24 சக்கரங்கள். அங்கிருந்து திரும்பி சாதபாடாவில் படகேறினால் சிலிகா ஏரியில் ஐராவதி டால்பின்கள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று டாக்ஸிக்காரர்கள் சொல்வார்கள். முடிக்கலாம்தான், குழந்தை காரில் தூங்கும், பெரியவர்களுக்குக் கால் வீங்கும், டால்பின் முதுகு ஒரு விநாடி தெரியும். சிறுவர்களோடு போகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவதே நல்லது.

இந்தக் குடும்பம் இரண்டையும் விட்டுவிட்டது. ஆறரை மணிக்கு மகள், "நான் கொஞ்சம் கடலுக்குப் போறேன்" என்று கிளம்பியதுதான் காரணம்.

பின்னாலேயே எல்லோரும் போனார்கள். கூட்டம் சேராத நேரம், பனி விலகாத வெளிச்சம். மகள் ஒரு நுலியாவிடம் பேசினார். அவர் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, தண்ணீரைப் பார்த்து, ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார். கணுக்கால் நனைந்ததும் மகள் நின்றார். நுலியா இழுக்கவில்லை, கையைப் பிடித்தபடி அவரும் நின்றார். இரண்டு அலை வந்து, காலடி மணலை அரித்துக்கொண்டு போயின. மூன்றாவது அலைக்கு மகளே ஓரடி எடுத்து வைத்தார். அப்புறம் முழங்கால். அப்புறம் இடுப்பு. ஓர் அலை தலைக்கு மேல் போயிற்று. எழுந்தபோது இருமினார். மூக்கில் உப்பு நீர். கரையை நோக்கித் திரும்பி, "அப்பா, நீங்களும் வாங்க" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. தமிழ்க் குடும்பங்களில் அந்த வார்த்தைக்குப் புழக்கம் குறைவு. 76 வயதுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு பக்கம் நுலியா, மறு பக்கம் மகள்.

மீதி நாள் தானாகவே அமைந்தது. மதியம் ரகுராஜ்பூர், பூரியிலிருந்து அரை மணி தூரம், வீட்டுக்கு வீடு பட்டச்சித்திரம் வரையும் கிராமம். ஒடிசி மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர். ஒரு திண்ணையில் உட்கார்ந்து துணியில் கோடிழுப்பதைப் பேரன் ஒரு மணி நேரம் பார்த்தான். கடைசியில் தூரிகையை வாங்கி ஒரு மீன் வரைந்தான். அது டால்பின் என்று அறிவித்து நோட்டில் ஒரு டிக் அடித்துக்கொண்டான். திரும்பும் வழியில் காஜா. கோனார்க் அடுத்த முறைக்கு.

காலையில் கரைக்கு வந்ததும் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நுலியா தன் கூலியைச் சொன்னார். தாத்தா கரக்பூரில் வேலை பார்த்தபோது கற்ற தெலுங்கில், "இன்னும் கொஞ்சம் கூடக் கேளுங்க" என்றார். அந்த இளைஞருக்குப் புரியவில்லை. பூரிக்கு வருகிற பாபுக்கள் எல்லோரும் குறைக்கச் சொல்வார்கள். கூட்டச் சொல்லி அவர் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, சொன்ன தொகையையே மறுபடி சொன்னார்.

தாத்தா எண்ணிக் கொடுத்தார். பிறகு தனியாக ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, அதையும் அவர் கையில் வைத்து மூடினார்.

"இது எதுக்கு?" என்றார் இளைஞர்.

"பழைய பாக்கி."