கடல் கடந்த மடல்: கூர்மையின் செலவு

இன்ஸ்புரூக், ஆஸ்திரியா

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

நமது பத்திரிகையின் பழைய வாசகரும், செங்கற்பட்டில் நெடுங்காலமாக இரும்பு வியாபாரம் செய்துவருபவருமான நண்பர் ஒருவர், தம் தங்கை மகன் மேற்படிப்பின் பொருட்டு இவ்வூர்ச் சர்வகலாசாலையில் சேர்ந்திருக்கிறான் என்றும், வந்த முதற் குளிர்காலத்திலேயே பனிச்சறுக்குப் பழகத் தொடங்கிவிட்டான் என்றும், இப்போது யாரோ உபயோகித்த ஸ்கீ பலகைகளை வாங்குவதற்கும் அவற்றைக் கடையில் கொடுத்து 'சர்வீஸ்' செய்வதற்கும் பணம் கேட்டு எழுதுகிறான் என்றும் தெரிவித்து, இப்படிப்பட்ட ஒரு பொருளை எத்தனை நாளைக்கு ஒரு முறை தீட்டுவது, எவ்வளவு தூரம் தீட்டுவது என்று என்னை வினவியிருக்கிறார். இரும்பின் தராதரம் அறிந்தவர் கேட்ட கேள்வியாதலால் ஒரு வரியில் பதில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. அன்றியும், அதற்குரிய விடை அவர் கடையிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரத்துப் பட்டறைகளிலேயே கிடைக்கக்கூடியது என்று எனக்குத் தோன்றுவதால், விஷயத்தை இம்மடலில் சற்று விரித்து எழுதத் துணிகிறேன்.

ஸ்கீ பலகையைக் கண்ணால் கண்டிராத வாசகர்களுக்காக அதன் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ ஆள் உயரம் நீண்டு, முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும் அப்பலகையின் உடல், பெரும்பாலும் மரத்தாலும் கண்ணாடி நாராலும் ஆகியது. பனியைத் தொடும் அடிப்புறத்தில் பாலிஎத்திலீன் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அத்தகட்டின் இரு ஓரங்களிலும் மெல்லிய எஃகுப் பட்டை பதிக்கப்பட்டிருக்கும். வழுக்கிச் செல்வதற்கு அடித்தகடும், திரும்பும்போதும் நிற்கும்போதும் வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்கு எஃகு விளிம்புமாக, ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு குணங்களை ஒரே பொருளில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஆதியில் வெறும் மரமாக இருந்த இப்பலகையின் ஓரங்கள் விரைவிலேயே தேய்ந்து உருண்டுபோய், இறுகிய பனியில் பிடிமானம் இல்லாமற் செய்துவந்தன. சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் என்பவர் 1926-ல் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே அக்குறை தீர்ந்தது. ஆயினும், எஃகு வந்த அன்றே அதைத் தீட்ட வேண்டிய கவலையும் உடன் வந்துவிட்டது.

இப்பலகைக்குச் செய்யப்படும் பராமரிப்பு மூவகைப்படும். முதலாவது மெழுகிடுதல்: அதற்கென்றே உள்ள இஸ்திரிப்பெட்டியால் மெழுகை உருக்கி அடித்தகட்டின்மேல் படரவிட்டு, ஆறியபின் சுரண்டி எடுத்துத் தூரிகையால் துலக்குவது. கடுங்குளிரில் பனித்துகள்கள் கூரிய படிகங்களாக இருந்து மெழுகை அறுத்துவிடுமாதலால் அந்நாட்களில் கடினமான மெழுகும், வெயில் கண்டு இளகிய பனிக்கு மென்மையான மெழுகும் இடுவார்கள். இரண்டாவது விளிம்பு தீட்டுதல்: அரத்தாலும், வைரத்துகள் பதித்த கல்லாலும் எஃகுப் பட்டையின் பக்கமுகத்தைப் பெரும்பாலும் 88 அல்லது 87 பாகைக் கோணத்துக்குக் கொண்டுவந்து, பிசிறை நீக்கிவிடுவது, அடிமுகத்தை மட்டும் அரைப் பாகை முதல் ஒரு பாகை வரையில் மிக இலேசாகச் சரித்துவிடுவார்கள். மூன்றாவது, அடித்தகடு முழுவதையும் யந்திரச் சாணையில் விட்டுச் சமன்செய்து, அதன்மேல் நுண்ணிய வரிகளைப் பொறிப்பது. வழவழப்பாகத் தேய்ந்துபோன அடி, ஈரப்பனியில் நீரோடு ஒட்டிக்கொண்டு ஓட மறுக்கும். நம் வீடுகளில் தேய்ந்த அம்மியைக் கொத்தித்தர ஆள் தேடியது போலவே, இங்கும் தேய்ந்த அடியை மறுபடி வரியிட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இவற்றை எப்போது செய்வது என்று கடைக்காரரைக் கேட்டால், மூன்றையும் சேர்த்து அடிக்கடி செய்வதே உத்தமம் என்பார். மலைக்கிராமத்தில் பிறந்து வளர்ந்த முதியவரைக் கேட்டாலோ, பருவத்துக்கு ஒரு முறை மெழுகு போட்டால் போதாதா என்று சிரிப்பார். உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஓடுகிறவர்களுக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் பலகையைத் தீட்டித்தரப் பிரத்தியேகமாக ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதை முதலாமவர் எடுத்துக்காட்டுவார். ஆனால் அவர்கள் ஓடும் பாதை நீர் பாய்ச்சி இறுக்கிய பனிக்கட்டி என்பதையும், அவர்களுக்கு ஒரு ஜோடி தேய்ந்தால் மறு ஜோடி காத்திருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுவார். இருவர் பேச்சிலும் இடம்பெறாத உண்மை ஒன்று உண்டு: தீட்டுகிற ஒவ்வொரு முறையும் எஃகு குறைகிறது. அந்த எஃகுப் பட்டையின் கனம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். அடித்தகட்டின் கனமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதற்குள்ளேயே அப்பலகையின் ஆயுள் முழுவதற்குமான கூர்மை அடங்கியிருக்கிறது. ஆகவே, கூர்மை என்பது அந்தக் கையிருப்பிலிருந்து நாம் எடுத்துச் செலவழிப்பதே. செலவை எவ்விதம் பங்கிடுவது என்பதுதான் நண்பருடைய கேள்வியின் சாரம்.

இந்தக் கணக்கை ஏட்டில் படிக்காமலே அறிந்தவர்கள் மாமல்லபுரத்துச் சிற்பிகள். ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையோரத்துப் பட்டறைகளிலும், 1957-ல் தொடங்கப்பெற்று, பின்னர் வை. கணபதி ஸ்தபதி அவர்களைத் தலைமையாசிரியராகப் பெற்றுப் புகழடைந்த அரசினர் சிற்பக் கல்லூரியிலும், கல்லுக்கு முன்னால் குந்தியிருக்கும் சிற்பியின் அருகே ஓர் உளி மாத்திரம் கிடப்பதை யாரும் கண்டிருக்க முடியாது. பருத்ததும் மெலிந்ததும், நெடியதும் குறியதுமாக ஒரு தொகுதியே கிடக்கும். கருங்கல்லில் கலந்திருக்கும் படிகக்கல் பதமேறிய எஃகுக்குச் சற்றும் சளைக்காத கடினமுடையதாகையால், உளி கல்லை வெட்டும்போதே கல்லும் உளியைத் தின்றுகொண்டிருக்கிறது. முனை மழுங்கத் தொடங்கியதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே சிற்பியின் கை அறிந்துகொள்ளும். அடித்த சுத்தியல் துள்ளும், கல் பொரியாமல் பொடியாகும். அப்போது அவர் அந்த உளியை அப்புறம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார். சிறு மழுக்கமானால் சாணைக்கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்துச் சமாளிப்பார். முனையே உருக்குலைந்தவை சேர்ந்த பின்னர்தான் அவை கொல்லுலைக்குப் போகும்.

அந்தக் கொல்லுலை வேலையை இரும்பு வியாபாரியாகிய நண்பருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களின் பொருட்டுச் சொல்லுகிறேன். துருத்தி ஊதி எழுப்பிய கனலில் உளியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பட்டடைமேல் வைத்து அடித்து முனை வாங்கி, நுனியை மட்டும் நீரில் தோய்த்து எடுத்தால், உடலில் எஞ்சி நிற்கும் வெப்பம் மெல்ல மெல்ல நுனியை நோக்கிப் பரவும். அப்போது துலக்கிய நுனியில் முதலில் வைக்கோல் நிறமும், பின்னர்ப் பழுப்பும், ஊதாவும், நீலமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். 220 பாகை வெப்பத்திலிருந்து 300 பாகை வரையில், வெப்பமானியின் துணையில்லாமல் நிறத்தைக் கொண்டே அளந்து, வேண்டிய நிறம் கண்ட கணத்தில் முழு உளியையும் நீரில் தோய்த்து நிறுத்திவிடுவதில்தான் கொல்லனுடைய வித்தை அடங்கியிருக்கிறது. முந்தினால் முனை கல்லில் பட்டுத் தெறிக்கும், பிந்தினால் மடியும். இவ்வளவு தேர்ந்த வேலையேயாயினும் அதற்கும் ஒரு விலை உண்டு: ஒவ்வொரு முறை காய்ச்சி அடிக்கும்போதும் உளி குறுகுகிறது, அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சினால் எஃகு தன் மேற்புறத்துக் கரியை இழந்து வலுக்குன்றுகிறது. ஆனவரையில் தானே தீட்டிக்கொண்டு, தவிர்க்க முடியாதபோது மட்டும் உலைக்கு அனுப்புவது என்ற அந்தச் சிற்பியின் வழக்கம் சோம்பலும் அன்று, கருமித்தனமும் அன்று.

வேலையின் தரத்துக்கு ஏற்பக் கூர்மையின் தரமும் மாறவேண்டும் என்பதை அவ்வூர்ப் பாறைகளே எடுத்துக்காட்டுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் மாமல்லன் என்னும் முதலாம் நரசிம்மவர்மன் காலத்திலும் அவன் வழிவந்தோர் காலத்திலும் குடையப்பட்ட அந்தப் பாறைகளில், வளையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள் முதலியவை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டன. அவ்விதம் நின்றதனால்தான் வேலை நடந்த முறை இன்றைக்கும் நம் கண்ணுக்குப் புலனாகிறது. கல்லின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டி, இடைப்பட்ட சதுரங்களைத் தட்டி எடுத்துக்கொண்டே உள்ளே சென்றிருக்கிறார்கள். இப்படி முரட்டுத்தனமாகக் கல்லை அகற்றும் உளிக்குப் பருத்த, தடித்த முனையே தகுதி. அர்ஜுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறையில் தெய்வ உருவங்களின் முகம் திருத்திய உளிக்கோ நுண்ணிய முனை வேண்டும். முன்னதற்குப் பின்னதன் முனையை வைத்தால் இரண்டு அடியில் போய்விடும். புதிதாகச் சறுக்கப் பழகுகிற பையன் பந்தயக்காரனுடைய விளிம்பைக் கேட்பதும் அத்தகையதே: மிகக் கூரிய விளிம்பு, எண்ணாத இடத்தில் பனியைக் கவ்விக்கொண்டு அவனைக் குப்புறத் தள்ளும். அதனால்தான் பழகுநர்களின் பலகைகளில் முன்முனையையும் பின்முனையையும் வேண்டுமென்றே சற்று மழுக்கிவிடுகிறார்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கோவளத்து மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பலகையேறிப் பேர்பெற்றதும், 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்திலேயே சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்ததும் வாசகர்கள் அறிந்தவையே. அப்பலகைக்கும் மெழுகு உண்டு. ஆனால் அது கால் வழுக்காமலிருப்பதற்காக மேற்புறத்தில் இடப்படுவது. இங்கே குளிர் மிகுந்தால் கடின மெழுகு என்றால், அங்கே கடல்நீர் வெதுவெதுப்பாக இருந்தால் கடின மெழுகு. இவ்வாறு எல்லாம் தலைகீழாக இருந்தும், பராமரிப்பின் முறை மட்டும் ஒத்துப்போகிறது: கடலில் இறங்குமுன் சிறிது மெழுகு தேய்த்துக்கொள்வது அன்றாட வழக்கம், பழைய மெழுகு முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாக இடுவது எப்போதாவது செய்வது, ஆனால், பலகையில் ஒரு விரிசல் கண்டுவிட்டாலோ, உள்ளிருக்கும் நுரைப்பொருள் நீரைக் குடித்துவிடுமாதலால், அதை அடைக்கும்வரை கடலில் இறங்கலாகாது. சிறு வேலை அடிக்கடி, பெரு வேலை அரிதாக, சேதமோ உடனுக்குடன் என்னும் இம்மூன்று விதிகளைத்தான் நான் நண்பருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஆகவே பையன் செய்ய வேண்டியவை இவை. சறுக்கி வந்த ஒவ்வொரு நாளும் பலகையைத் துணியால் துடைத்து ஈரம் போக்கிவிட வேண்டும். ஈரத்தோடு உறையிலிட்டால் மறுநாள் விளிம்பில் துரு ஏறியிருக்கும். விரல் நகத்தை விளிம்பின்மேல் குறுக்கே இழுத்தால் நகம் மெல்லச் சீவப்பட வேண்டும். நகம் வழுக்கினால் வைரக்கல்லைப் பக்கமுகத்தில் மட்டும் சில முறை ஓட்டிப் பிசிறை எடுத்துவிடட்டும். அடிமுகத்தை மாத்திரம் அவன் தொடலாகாது. அங்கே அதிகமாகச் சரிந்துவிட்ட கோணத்தைத் திருத்த வேண்டுமானால், அடித்தகடு முழுவதையும் சாணைக்குக் கொடுத்துத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாலைந்து நாள் ஓட்டத்துக்கு ஒரு முறையோ, அடித்தகட்டின் ஓரம் வெளுத்து வறண்டுபோனால் அதற்கு முன்பாகவோ மெழுகிட வேண்டும்; செயற்கைப் பனி இயற்கைப் பனியைக் காட்டிலும் அதிகமாக அறுக்குமாதலால், அது மிகுந்த பாதைகளில் ஓடியிருந்தால் இன்னும் முந்திச் செய்தல் நலம். கல்லில் மோதி அடித்தகடு கிழிந்து உள்ளிருக்கும் மரம் தெரிந்தால் அன்றைக்கே கடைக்குப் போய்விட வேண்டும். யந்திரச் சாணையோ, அவனைப் போன்ற ஒருவனுக்குப் பருவத்துக்கு ஒரு முறைக்குமேல் அரிதாகவே தேவைப்படும். பருவம் முடிந்ததும் கெட்டியாக மெழுகிட்டு, சுரண்டாமல் அப்படியே கோடை முழுவதும் வைத்துவிட்டால் தகடும் விளிம்பும் காப்புற்றிருக்கும்.

இன்றைக்கு மாமல்லபுரத்திலும் டங்ஸ்டன் கார்பைடு நுனி வைத்த உளிகளும் மின்சார அறுப்பான்களும் வந்து, கொல்லனுடைய வேலை சுருங்கிவிட்டது. இங்குள்ள பெரிய கடைகளிலும் பலகையை ஒருபுறம் வைத்தால் மறுபுறம் வரியிட்டு விளிம்பு தீட்டி வெளியே தள்ளும் யந்திரங்கள் வந்துவிட்டன. இவற்றை நான் குறைகூறவில்லை. அவை கையைக் காட்டிலும் துல்லியமாகவே வேலை செய்கின்றன. ஆனால் முழு வேலை இவ்வளவு சுலபமாகிவிட்ட காரணத்தால், நாலு தேய்ப்பில் தீர வேண்டிய மழுக்கத்துக்கெல்லாம் முழு வேலையையே செய்துகொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. கையிருப்பு கரைவது யாருக்கும் தெரிவதில்லை.

கடைசியாக, பையன் வாங்கப்போகும் பழைய பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் பளபளவென்று மெழுகிட்டு நிறுத்தியிருக்கும் ஜோடியைக் கண்டு அவன் மயங்க வேண்டாம் என்று நண்பர் அவனுக்கு எழுதட்டும். பலகையைப் பக்கவாட்டில் திருப்பி, முன்முனை முதல் பின்முனை வரையில் எஃகுப் பட்டை எவ்வளவு கனம் மீந்திருக்கிறது, பாதத்துக்குக் கீழே அது மெலிந்திருக்கிறதா என்பதை அவன் நிதானமாகப் பார்க்கட்டும். முந்தைய உடைமையாளர் எத்தனை முறை தீட்டினார், எவ்வளவு தூரம் தீட்டினார் என்ற கணக்கு முழுவதும் அந்த எஃகிலேயே எழுதப்பட்டிருக்கும். பாக்கியிருப்பதற்கு மட்டும் அவன் விலை பேசினால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள மடல் எழுதுபவன்