உள்ளங்கை திரும்பும் மூலை

போரோபுதூரில் மாடத்துக்கு மாடம் தலையில்லாத புத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடு ஜாவாவில், சைலேந்திர மன்னர்கள் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் கட்டி முடிந்த அந்தக் கல்மலையில் முதலில் 504 புத்தர்கள் இருந்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட சிலைகள் இன்று சிதைந்து நிற்கின்றன. விலைபோகும் என்று பெயர்த்துக்கொண்டு போனது பெரும்பாலும் தலைகளைத்தான். ஆனாலும் கீழ்ச்சுற்றுகளில் தலை போன ஒரு சிலைக்கு முன்னால் நின்று, அது எந்தத் திசையைப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். கைகளைப் பார்த்தால் போதும்.

ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் சுற்றுச்சுவர்களில் கீழே உள்ள நான்கிலும் சேர்த்து, திசைக்கு 92 புத்தர்கள். கிழக்கே வலக்கை முழங்காலின் மேல் கவிழ்ந்து, விரல்கள் தரையை நோக்கி இறங்குகின்றன. உன் தவத்துக்கு யார் சாட்சி என்று, அதைக் கலைக்க வந்த மாரன் கேட்டபோது சித்தார்த்தன் பூமியைத் தொட்ட கணம் அது. பூமிஸ்பரிச முத்திரை என்பார்கள். வலமாக நடந்து மூலை திரும்பினால் தெற்கு. அதே உடல், அதே சீவரம், மடியில் அதே இடக்கை. முழங்கால் மேலிருக்கும் வலக்கை மட்டும் மல்லாந்திருக்கிறது: வரத முத்திரை, கொடுக்கிற கை. சாட்சிக்கு அழைத்த கைக்கும் அள்ளித் தருகிற கைக்கும் இடையே மணிக்கட்டின் ஒரு திருப்பம்தான். கரடுமுரடான எரிமலைக் கல்லில் இந்த ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே விட்ட சிற்பியின் அடக்கத்தை எவ்வளவு வியந்தாலும் எனக்குப் போதவில்லை.

மேற்கே இரு கைகளும் மடியில் சேர்ந்த தியானக் கோலம். இங்கே தமிழ்க் கண்ணுக்குச் சட்டென்று ஒரு சொந்தம் தட்டுப்படும். சோழநாட்டு வயல்வெளிகளில் கிடைத்த கற்புத்தர்கள் பலர் இப்படித்தான் அமர்ந்திருக்கிறார்கள். சேலம் மாவட்டத்துத் தியாகனூர்ப் புத்தரும் அப்படியே. ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பிய மன்னனைச் சைலேந்திர குலத்தவன் என்றே ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது.

வடக்கே கை உயர்ந்து அபயம் காட்டுகிறது. நம் கோயில்களில் நாள்தோறும் பார்க்கிற கை, விளக்கம் வேண்டாம்.

ஐந்தாம் சுவரில் திசைக் கணக்கு முடிந்துவிடுகிறது. அங்கிருக்கும் 64 பேரும், எந்தப் பக்கம் பார்த்தாலும், பெருவிரலும் சுட்டுவிரலும் தொட்ட விதர்க்க முத்திரையில், ஒன்றை எடுத்துச் சொல்லும் பாவத்தில் இருக்கிறார்கள். அதற்கும் மேலே, வட்ட மேடைகளில், துளையிட்ட 72 தூபிகளுக்குள் அமர்ந்தவர்களுக்கு இரு கைகளும் நெஞ்சருகே கூடி அறவாழி உருட்டுகின்றன. துளை வழியே கைவிட்டு அந்தப் புத்தரைத் தொட்டால் நினைத்தது நடக்கும் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. கல் தேய்கிறதென்று இப்போது தொட விடுவதில்லை. அது சரிதான். ஆனால் அந்தக் கைகளைத் தொடத் தவித்தவர்கள் சிலையை நன்றாகவே புரிந்துகொண்டவர்கள் என்று நினைக்கிறேன்.

படிகள் நாற்புறமும் நேராக உச்சிக்குப் போகின்றன. பலரும் அவற்றில் ஏறி, தூபிகளோடு படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். போகிறவர்கள் கிழக்கில் தொடங்கி ஒருமுறையாவது கீழே வலம் வந்துவிட்டு ஏறவேண்டும். அந்தத் தென்கிழக்கு மூலை படியில் ஏறுகிறவர்களுக்குத் தெரியாது.