சுவர் காயும் காலம்

கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார் மேஸ்திரி அண்ணாச்சி. நெஞ்சு உயரத்தில் கெட்டியாகக் கேட்ட சத்தம், கீழே வர வரப் பொள்ளலாக மாறியது. மாறிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. இப்படியே ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தபோது, வெள்ளம் நின்ற சேற்றுத் தடம் முழங்கால் அளவில் இருக்க, அவர் போட்ட கோடு அதற்கு ஒன்றரை அடி மேலே ஓடியது.

"தரையில நின்ன தண்ணி வடிஞ்சிட்டும்மா. செங்கல் குடிச்ச தண்ணி வடியல. அது மேல ஏறிக்கிட்டே கெடக்கு" என்றார் வீட்டுக்காரம்மாவிடம்.

தாணே மேற்கில், வந்தனா பஸ் டெப்போவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பழைய கட்டடம் அது. தரைத்தள வீடு. 2025 ஆகஸ்ட் மூன்றாம் வாரம் மும்பையிலும் தாணேயிலும் மழை கொட்டித் தீர்த்தது. செம்பூர் மைசூர் காலனி அருகே மோனோ ரயில் பயணிகளோடு அந்தரத்தில் நின்றதே, அதே நாட்கள். இந்த வீட்டில் தண்ணீர் முதலில் வந்தது வாசல் வழியாக அல்ல, குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக. வீட்டுக்கார அம்மா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி தாணே வந்தவர். அண்ணாச்சி தாராவிக்காரர், அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். மழைக்காலம் வந்தால் அவருடைய குழுவுக்குத் தரைத்தள வீடுகள்தான் வேலை. அவர்களோடு சில நாட்கள் கூடப் போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டபோது, "வாங்க, ஆனா செருப்புப் போட்டுட்டு வராதீங்க, கம் பூட்ஸ் வாங்கிக்கிடுங்க" என்றார்.

இந்த நகரத்தில் வெள்ளம் என்றால் பேச்செல்லாம் வெளியே ஓடும் தண்ணீரைப் பற்றித்தான். மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குத்தான் கட்டப்பட்டவை, அதுவும் கடல் உள்வாங்கியிருக்கும் வேளையில். 1993-ல் வந்த, மழைநீர் வடிகால் பற்றிய பிரிம்ஸ்டோவாட் அறிக்கை அதை 50 மி.மீ. ஆக்கச் சொன்னது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் பெய்தது 944 மி.மீ. அதற்குப் பிறகு மித்தி ஆற்றுக்கென்று ஓர் ஆணையம், பம்பிங் ஸ்டேஷன்கள், தண்ணீர் தேங்கும் ஹிந்த்மாதா பகுதிக்காக நிலத்தடித் தொட்டிகள் என்று வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. நடக்கட்டும். ஆனால் தெருவில் தண்ணீர் வடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் வெள்ளம் முடிந்துவிட்டதாக நகரம் நினைத்துக்கொள்கிறது. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அது அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

தரைத்தளமே இங்கே மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டு வருகிறது. கட்டியபோது இந்த வீட்டுக்கு ரோட்டிலிருந்து இரண்டு படி ஏற வேண்டியிருந்ததாம். தார் மேல் தார், அதன் மேல் கான்கிரீட் என்று ரோடு உயர்ந்து, இப்போது ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய கட்டடங்களின் கதை இதுதான்.

சேறு அள்ளுவதில் தொடங்குகிறது வேலை. வெள்ளத் தண்ணீர் என்பது மழைநீர் அல்ல. சாக்கடையும் எலி மூத்திரமும் டீசலும் கலந்தது. 2005 வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் எலிக்காய்ச்சல் எப்படிப் பரவியது என்பது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மறக்காது. காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து மருந்து எடுக்கும்படி மாநகராட்சி ஒவ்வொரு மழைக்கும் சொல்கிறது. சேறு அள்ளுகிறவர்கள் அந்தச் சேற்றில் நாள் முழுக்க நிற்கிறவர்கள். குழுவில் இருந்த சித்தாள் அக்காவின் விரலிடுக்குகள் வெடித்திருந்தன. கையுறை இருக்கிறது, போட்டால் இடிபாட்டு மூட்டையின் வாய் பிடிபடுவதில்லை என்று கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார். பிடி வழுக்காத நல்ல கையுறை ஒன்றும் கிடைக்காத பொருள் அல்ல. அதை வாங்கித் தரவேண்டியவர் யார் என்பதுதான் எழுதப்படவே இல்லை: வீட்டுக்காரரா, மேஸ்திரியா, அவரே கூலியிலிருந்தா?

சேற்றைக் கழுவித் தள்ளிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர். வந்தவுடனே தூவிவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் அவசரப்படுகிறார்கள். சேற்றின் மேல் தூவினால் குளோரின் எல்லாம் சேற்றோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. பாத்ரூம் ஆசிட்டோடு கலந்துவிட்டால் விஷவாயு. அண்ணாச்சிக்கு வேதியியல் தெரியாது. ஆனால் இந்த இரண்டையும் வேலைக்கு வரும் ஒவ்வொரு புதுப் பையனிடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்.

அடுத்து, சாக்பீஸ் கோட்டுக்கு மேலே இன்னும் ஓரடி விட்டு, அதுவரை பூச்சைக் கொத்துவது. நல்ல பூச்சும் கூடச் சேர்ந்து போகிறதே என்று வீட்டுக்காரர்களுக்கு வயிறெரியும். ஆனால் ஈரம் எங்கே நின்றிருக்கிறதோ அங்கேயே கொத்தை நிறுத்தினால், அந்த எல்லையில்தான் அடுத்த வருஷம் பொரியும். செங்கல் தெரியும்வரை கொத்தி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் கலவையை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டால், ஹால் முழுக்கச் சிவப்பாக, தோல் உரிந்த மாதிரி நிற்கிறது. அம்மா அதைப் பார்க்க மாட்டேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

இந்தச் செங்கலைப் பற்றித்தான் இரண்டு வரி சொல்லவேண்டும். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தரநிலையே அனுமதிக்கிறது. மூன்று கிலோக் கல் என்றால் அரை லிட்டருக்கு மேல். ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு நூற்றுக்கு மேற்பட்ட கற்கள். முழுக்க ஊறிவிட்டால், அந்த ஒரு சதுர மீட்டருக்குள் மட்டும் 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. அது முழுவதும் காற்றாகி வெளியே போகவேண்டும். குளிர் நாடுகளில் சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் வெயிலுக்கு அவ்வளவு நாள் ஆகாது. ஆனால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நம்மிடம் வெயில் ஏது?

மும்பையில் காயவைப்பதன் கஷ்டமே இதுதான். ஜன்னலைத் திறந்து போட்டு ஃபேனைச் சுழலவிட்டால் காய்ந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். மழைநாளில் வெளிக்காற்றே ஈரத்தைத் தாங்க முடியாமல்தான் இருக்கிறது. திறந்தால் ஈரம் உள்ளே வரும். அம்மாவின் மகன் வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில், காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையர் ஒன்றை வரவழைத்துக் கொடுத்திருந்தார். காலையில் அதன் வாளி நிரம்பியிருந்தது, கொட்டிவிட்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் சுவர் புழுங்குகிறதே என்று யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். மறுநாளும் வாளி நிரம்பியது. ஆனால் அது சுவரிலிருந்து வந்த தண்ணீர் அல்ல, தாணே வளைகுடாப் பக்கமிருந்து வந்த காற்றின் தண்ணீர். "மிசின் ஓடுறப்போ கதவை அடைச்சிடணும். வெளியில சுள்ளுனு வெயில் அடிச்சா, மிசினை நிறுத்திட்டு எல்லாத்தையும் தொறந்திடணும். ரெண்டும் சேந்து ஆகாது" என்று அண்ணாச்சி போனிலேயே மகனுக்குச் சொன்னார். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே ஐஐசிஆர்சி என்ற அமைப்பு எஸ்500 என்ற தரநூல் வைத்திருக்கிறது. தண்ணீரை அழுக்கின் அளவுப்படி மூன்று வகையாகப் பிரித்து, வெள்ளநீரைக் கடைசி வகையில் வைக்கிறது. காயவைப்பதை அங்கே தனி வேலையாக, அளந்து, கூலி பேசிச் செய்கிறார்கள். அந்தப் புத்தகத்தைப் பார்த்திராத ஒரு கொத்தனார் ஒரு பாலித்தீன் துண்டை வைத்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அந்தப் பாலித்தீன் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடிக் காகிதம் மாதிரியான ஷீட். அதைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுகிறார். தேதியை ஷீட்டின் மேலேயே மார்க்கரால் எழுதுகிறார். மறுநாள் அதே நேரத்துக்குப் பார்க்கிறோம்: உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளி, விரலால் தட்டினால் கோடாக இறங்குகிறது. ஷீட்டைக் கிழித்துவிட்டு அடுத்த வாரத் தேதியைச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை.

இடையில் உப்பு பூத்தது. காய ஆரம்பித்த செங்கலின் மேல் பஞ்சு போல வெள்ளையாக. கழுவிவிடட்டுமா என்று பையன் வாளியைத் தூக்கினான். அண்ணாச்சி கையைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து திரும்பவும் கல்லுக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த தினத்தாளில் விழவைத்து, அப்படியே மடித்து வெளியே போடவேண்டும். வளைகுடாவை ஒட்டிய இடங்களில் ஏறும் தண்ணீரில் கடல் உப்பும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீர்விட ஆரம்பிக்கும். மும்பை மழைக்காலத்தில் அது அநேகமாக எல்லா நாளும் தாண்டும். ஆக, வெள்ளமே வராத வருஷத்திலும் அந்தச் சுவர் காற்றிலிருந்து தண்ணீர் இழுத்து நனையும். பெயின்ட்காரரையும் மேல்மாடிக்காரரின் பைப்பையும் வருஷா வருஷம் திட்டிக்கொண்டிருக்கும் பல வீடுகளில் குற்றவாளி, எப்போதோ வந்துபோன வெள்ளம் விட்டுவிட்டுப் போன உப்பு.

"மேஸ்திரி, நவராத்திரிக்குள்ள பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடுங்கோ. ஹால்லதான் கொலு வைக்கணும். நாலு பேர் வருவா" என்றார் அம்மா. செப்டம்பர் 22-ல் நவராத்திரி ஆரம்பம். அவர் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. வீடு பழையபடி ஆகிவிட்டது என்று தனக்கே காட்டிக்கொள்ள ஒரு நாள் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

"அடிச்சுக் கொடுத்திடலாம்மா. பிஓபி இழைச்சு, பட்டி பாத்து, பிரைமர் போட்டு, பத்து நாள்ல பளபளன்னு ஆக்கிடலாம். கார்த்திகைக்கு அம்புட்டும் கொப்புளமா வந்து நிக்கும். அப்புறம் என்னையத்தான் வைவீங்க."

பேசிப் பேசி முடிவானது இது: கொலுப்படி அந்தச் சுவருக்கு ஓரடி முன்னால் தள்ளி நிற்கும், பின்னால் காற்று போகும், செங்கல் தெரியாமல் இருக்க மேலிருந்து பருத்திப் புடவை ஒன்று தொங்கும். சுவரைத் தொடாத புடவை. பூச்சு தீபாவளிக்குப் பிறகு, அதுவும் ஷீட் காய்ந்து காட்டினால்தான். கொத்திய உயரம்வரை பிஓபி என்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிடையாது, பிளாஸ்டிக் பெயின்டும் கிடையாது. சுவர் மூச்சுவிடும்படி சுண்ணாம்பு சேர்த்த பூச்சு.

கூலிப் பேச்சில்தான் எனக்கு மனசு கனத்தது. இந்தத் தொழிலில் கணக்கு எல்லாம் சதுர அடிக்கு: கொத்த இவ்வளவு, பூச இவ்வளவு, பட்டி பார்க்க இவ்வளவு. நடுவில் இருக்கும் ஏழு எட்டு வாரம் யார் கணக்கிலும் இல்லை. வந்து ஷீட் ஒட்டுவதும், உப்பைத் தேய்த்து எடுப்பதும், எப்போது திறக்க, எப்போது அடைக்க என்று சொல்வதும்தான் இந்த வேலையின் மூளை. அதற்குக் காசு இல்லை. காசு இல்லாததால், காத்திருக்கச் சொல்கிற கொத்தனாருக்கு நஷ்டம். ஈரச் சுவரின் மேல் பூசிவிட்டு அடுத்த வருஷம் அதே வேலைக்கு மறுபடி வருகிறவருக்கு லாபம். நேர்மையாக வேலை செய்பவரைத் தண்டிக்கிற கணக்கு இது, மாற்றியே ஆகவேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கவேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி வெள்ள சேதத்தை ஏற்கிறது. வீடு வாழத் தகுதியில்லாமல் போனால் மாற்று வீட்டு வாடகையையும் தருகிறது. காத்திருக்கும் காலத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை அந்த ஒரு இடத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் போன வீடுகளில் அந்தப் பாலிசி இருந்தவர்களைப் பார்க்கவில்லை. எடுக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வெள்ளம் வந்தால், சேற்றை அள்ளுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியில், 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்து. நாலரை அங்குலச் சுவர். மெல்லியது, சீக்கிரம் காயவேண்டும். ஆனால் மூன்று பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளோடு பொதுச் சுவர். அந்தப் பக்கம் ஒரு தையல் பட்டறை, வெள்ளம் வடிந்த மறுநாளே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர்களுக்குப் பூச்சைக் கொத்திப்போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க எங்கே இடம், எப்படி முடியும்? எனவே சுவர் ஒரு பக்கம் மட்டுமே காய்கிறது. தன் பக்கத்தில் தரையிலிருந்து மூன்றடிக்கு அண்ணாச்சி பூச்சே வைத்துக்கொள்ளவில்லை. வெறும் செங்கல், மேலே சுண்ணாம்பு. பிளக் பாயிண்ட்டுகள் எல்லாம் நெஞ்சு உயரத்தில். கட்டிலின் கால் நாலும் செங்கல் மேல். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தரையை உயர்த்திக்கொண்டே வந்ததில் அவருடைய மகன் கையைத் தூக்கினால் ஃபேன் இடிக்கும் என்று அவர் மனைவி பயப்படுகிறார்.

"மாட்டுங்காவுல, செம்பூர்ல, தாணேயில போய் சுவரைக் காயவிடுங்கன்னு சொல்லுறேன். இங்க வந்து யாருகிட்ட சொல்ல?" என்றார்.

தாணே அம்மா முதல்முறையாக வாராவாரம் வந்து பார்த்துப் போவதற்கென்று தனியாக ஒரு தொகை பேசிக் கொடுத்தார். அண்ணாச்சி இப்போது அதையே எழுதி, ஒரு காகிதமாகக் கையில் வைத்திருக்கிறார்: கொத்த, காயவைக்க, பூச, பட்டி பார்க்க என்று நாலு வரி. அதே கட்டடத்தின் மற்றத் தரைத்தள வீட்டுக்காரர்களிடம் காட்டினார். ஒருவர் சரி என்றார். எதிர்வீட்டுக்காரர் இரண்டாவது வரியை அடித்துவிட்டு எவ்வளவு குறையும் என்று கேட்டார். வேலையை எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டார் அண்ணாச்சி.