கூப்பிட்டால் வரக் காகம் இல்லை



அமாவாசையன்று ஒரு பிடி சோற்றை வெளியே வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டால் போதும், நாலைந்து காகங்கள் பறந்து வந்துவிடும். கிள்ளான் பக்கம் இவை பெருகிப்போய், துப்பாக்கியால் சுட்டுக் குறைத்த கதையும் உங்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் இவை இந்த மண்ணின் பறவைகள் அல்ல. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

காகம் இல்லாத ஊர் ஏது என்று கேட்போம். ஆனால் தன் சொந்தக் காகத்தையே இழந்துவிட்ட ஒரு தீவு உண்டு. வாருங்கள், பசிபிக் கடல் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவுக்குப் போய் வருவோம்.

அங்கே மௌனா லோவா என்ற எரிமலை 4,169 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதன் மேற்குச் சரிவுதான் கோனா. காப்பிக்குப் பேர்போன இடம். காப்பித் தோட்டங்களுக்கு மேலே மேகம் தவழும் காடு. அந்தக் காட்டில்தான் 'அலலா' என்னும் காகம் வாழ்ந்தது. ஹவாய் மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கு வீறிட்டு அழுதல் என்றும் பொருள் உண்டு. காட்டுப் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பும் பறவை அது. மரப்பொந்தில் அலகு எட்டாத இரையைக் குச்சியால் நெம்பி எடுக்கும் கெட்டிக்காரத்தனமும் அதற்கு உண்டு.

அதற்கு என்ன நேர்ந்தது? தோட்டத்துக்காகவும் மாட்டுப் பண்ணைக்காகவும் காடு அழிந்தது. பயிரைக் கெடுக்கிறது என்று பண்ணைக்காரர்கள் சுட்டார்கள். வெளியிலிருந்து வந்த எலியும் பூனையும் வேட்டையாடின. முன்பு அந்தத் தீவுகளில் கொசுவே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களோடு வந்த கொசு, பறவைகளுக்கு மலேரியாவைப் பரப்பியது. 2002க்குப் பிறகு காட்டில் ஓர் அலலாகூட இல்லை.

நல்லவேளையாகச் சில பறவைகளைக் கூண்டில் வளர்த்து வந்தார்கள். அவை பெருகி நூற்றைத் தாண்டின. ஆனால் திரும்பக் காட்டில் விடுவது எளிதாக இல்லை. 1993 முதல் 1999 வரை விட்ட 27 குஞ்சுகளில் 21 இறந்தன. 2016 முதல் 2019 வரை ஏறத்தாழ 30 பறவைகளை விட்டார்கள். அவற்றில் பலவற்றை 'இயோ' என்ற பருந்து கொன்றது. கூண்டில் பிறந்த பிள்ளைக்குப் பருந்தைக் கண்டால் பதுங்கு என்று சொல்லித்தரக் காட்டில் வளர்ந்த தாய் ஏது? அந்தப் பாடத்தை மனிதர்களே கற்றுக்கொடுக்க முயன்றார்கள். தாய் தரும் பாடத்துக்கு அது ஈடாகுமா? மிஞ்சிய பறவைகளை 2020இல் மீண்டும் கூண்டுக்கே கொண்டுபோனார்கள்.

ஆனாலும் அவர்கள் விடவில்லை. அந்தப் பருந்து குடியில்லாத மாவி என்னும் பக்கத்துத் தீவில், 2024 நவம்பரில் ஐந்து அலலாக்களைப் பறக்கவிட்டார்கள்.

ஓர் இனத்தைக் காட்டிலிருந்து விரட்டக் கோடாரியும் துப்பாக்கியும் போதும். திரும்ப அழைக்க ஒரு பிடி சோறு போதாது. அடுத்த முறை நீங்கள் "கா... கா..." என்று கூப்பிடும்போது, கூப்பிட்டால் வரக் காகம் இல்லாத அந்தக் கோனாக் காட்டையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.