மனுதாரரும் பயனாளியும்

முதலில் ஒரு விளக்கம். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் கணவன் மனைவியாகிய எங்கள் இருவரையும் குறிக்கும். எழுதும் கை ஒன்றுதான். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் கை அது. ஆனால் அமெரிக்கக் குடிவரவுப் படிவங்கள் எங்களை மனுதாரர் என்றும் பயனாளி என்றும் பிரித்து எழுதுகின்றன. ஒஹாயோவில் இருப்பவர் மனுதாரர். தாமிரபரணிக் கரையில் இருப்பவர் பயனாளி. இந்தப் பக்கத்திலாவது சேர்ந்திருப்போமே என்று தோன்றியது. எழுதியதைத் தொலைபேசியில் வாசிக்கக் கேட்ட மனுதாரர் இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார்.

அடுத்த மாதம் மும்பையில் பயனாளிக்கு நேர்முகம்.

விவரம் அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் தம் மனைவியை அழைத்துக்கொள்ள ஐ-130 என்னும் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அது ஏற்கப்பட்டால் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். பிறகு டிஎஸ்-260 படிவம், பிறப்புச் சான்று, மணச்சான்று, காவல்துறைச் சான்று, முந்தைய மணம் இருந்தால் அது முறிந்த தீர்ப்பின் நகல், வறுமைக் கோட்டு அளவின் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானம் மனுதாரருக்கு உண்டு என்னும் ஐ-864 உறுதிப்பத்திரம். கிரீன் கார்டு மட்டும் உடையவர்களின் மனைவியருக்கு ஆண்டு வரம்பு உண்டு. குடிமக்களின் மனைவியருக்கு இல்லை. ஆகவே எங்களுக்கு வரிசை பற்றிய கவலை இல்லை. எல்லாத் தாள்களும் சேர்ந்த பிறகு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் ஓர் அதிகாரி, சில நிமிடங்களில், இந்த மணம் மெய்யா என்று முடிவு செய்வார். கவலை அங்கேதான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி வீட்டுப் பத்திரத்தையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப்போகச் சொல்கிறார். அவர் மகன் சுற்றுலா விசாவுக்குப் போனபோது அவைதாம் கேட்கப்பட்டனவாம். சுற்றுலா விசாவில் 'இவர் திரும்பி வரமாட்டார்' என்பது ஐயம். எங்கள் விசாவிலோ திரும்பி வராமல் இருப்பதுதான் நோக்கம். எனவே ஐயம் மண்ணிலிருந்து மணத்துக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. அண்ணாச்சிக்கு இதை விளக்கிச் சொன்னோம். "இருந்தாலும் பத்திரம் ஒண்ணு கையில இருந்தா நல்லதுதானம்மா" என்றார்.

ஐயுறுவதற்கு எங்களிடம் காரணங்கள் குறைவில்லை. பயனாளிக்கு வயது நாற்பத்து நான்கு. இதுவே முதல் மணம். மனுதாரருக்கு ஐம்பத்திரண்டு, இது இரண்டாவது. ஐந்நூறு பேர் பந்தியில் அமர்ந்த கல்யாணம் அன்று எங்களுடையது. முப்பது பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டோம். அக்கினி இல்லை, புரோகிதர் இல்லை. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் இயற்றப்பட்டு 1968இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் செய்துவிட்டோம். நடந்த இடத்தில் செல்லுபடியாகும் மணம் பொதுவாக அமெரிக்கச் சட்டத்துக்கும் செல்லுபடியாகும். ஆனால் செல்லுபடியாவது வேறு, மெய்யென்று தோன்றுவது வேறு. இந்தியக் கல்யாணம் என்றால் யானையும் நாதசுரமும் என்று படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கைபேசியில் எடுத்த எங்கள் இருபத்து மூன்று படங்கள் ஏதோ அலுவலகப் பிரிவுபசார விழாவைப் போலத்தான் இருக்கும். மணமான பின் நாங்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தது இரண்டு தவணையாக நாற்பது நாள்.

தொல்காப்பியக் கற்பியலை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் விழித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பொய்யும் வழுவும் தலைகாட்டிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று அந்நூல் சொல்லும் இடம். அதாவது கரணம் என்பது அன்பின் விழா அன்று. ஏமாற்றுக்கு எதிரான ஏற்பாடு. கபிலரின் குறுந்தொகைப் பாட்டொன்றில் களவுக்குச் சாட்சியாக இருந்தது மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகு மட்டுமே. தலைவன் மறுத்துவிட்டால் தலைவிக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே சான்றோர் முன்னிலை வேண்டியதாயிற்று. இதை ஆண்டுதோறும் கற்பித்த பயனாளிக்கு, தாம் ஒருநாள் குருகோடு தூதரகத்துக்குப் போகவேண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்ததில்லை.

அமெரிக்காவின் கரணமும் இப்படித்தான் பிறந்தது. விசாவுக்காக நடக்கும் போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். அதன்படி மணமாகி இரண்டாண்டு நிறையுமுன் உள்ளே வருபவருக்குக் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனை வதிவிடம் மட்டுமே. அது முடியுமுன் இருவரும் சேர்ந்து மீண்டும் மனுச் செய்து, இன்னும் கணவன் மனைவிதான் என்று காட்ட வேண்டும். பொய்யர்கள் இருந்தார்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. விலை பேசி நடந்த மணங்கள் எங்கள் செவிக்கும் எட்டியவைதாம். பிரிட்டனும் இவ்வழியில் நடந்ததுண்டு. மணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்று விண்ணப்பித்தவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி அங்கே 1997இல்தான் நீக்கப்பட்டது. ஒரு நோக்கம் தம் உள்ளத்தில் இல்லை என்பதற்கு யார் எந்தத் தாளை நீட்ட முடியும்? அதே நாட்டின் ஹீத்ரோ விமான நிலையத்தில் 1979இல், மணம் முடிக்க வந்த முப்பத்தைந்து வயது இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் மணமாகாதவர்தானா என்று அறிய உடற்சோதனை செய்தார்கள். செய்தி வெளியாகிப் பெருங்கண்டனம் எழுந்தது. அவரும் ஆசிரியை என்பது பயனாளியின் மனத்தில் தைத்துக்கொண்டிருக்கிறது.

எங்களைத் தூங்கவிடாத கேள்வி, எதைச் சான்றாகக் கொண்டுபோவது என்பது. கூட்டு வங்கிக் கணக்கு இல்லை. சேர்ந்து வாங்கிய வீடு இல்லை. இருப்பவை கைபேசிச் செய்திகள். நெல்லையில் காலை ஆறரை மணிக்கு ஒஹாயோவில் முந்தைய நாள் இரவு, கோடையில் ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. ஒருவர் இரவு உணவை முடித்திருப்பார். மற்றவர் காப்பிக்குப் பால் காய்ச்சுவார். அப்போது பேசுவோம். மற்ற நேரத்தில் செய்திகள். ஆங்கிலத்தில் இல்லாதவற்றைக் கொடுத்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். நாமே நம் காதலை மொழிபெயர்த்துக்கொள்வது அழகில்லை என்று ஆங்கிலத் துறைத் தோழியிடம் கேட்டோம். அவர் அரைநாள் இருந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "என்ன?" "தோசை." "மழையா?" "இல்லை." "அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி?" "ம்." "சரி, படுங்க."

பக்கம் பக்கமாக இவ்வளவுதான். இதை ஆங்கிலமாக்கிப் படித்தால் விடுதிக் காப்பாளரும் விடுதிவாசியும் பேசிக்கொள்வது போல இருக்கிறது. தோழிக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது 'ம்'. "இந்த இடத்துல இது சம்மதமா, கோபமா மேடம்?" என்று விரல் வைத்துக் கேட்டார். பார்த்தோம். அது அழுகையை அடக்கிக்கொண்ட இடம். அம்மாவைத் தனியே விட்டுப் போவது பற்றி முந்தைய இரவு பேசியிருந்தோம். ஒற்றை மெய்யெழுத்துக்கு அடிக்குறிப்பு எழுதித் தூதரகத்தில் கொடுக்க முடியுமா? 'ஐ லவ் யூ' என்ற தொடர் எங்கள் செய்திகளில் ஓரிடத்தில்கூட இல்லை. அதை எழுத எங்கள் தலைமுறைக்குக் கூச்சம் என்று சொல்லலாம். அது முழு உண்மை அன்று. தேவைப்படவில்லை.

பெயரும் இல்லை. பயனாளி மனுதாரரை 'ஏங்க' என்பார். மனுதாரர் பயனாளியை 'டீச்சர்' என்பார். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது இலக்கணம். பெயர் சொன்னால் பாட்டு புறத்துக்குப் போய்விடும். எங்கள் பாட்டி தாத்தாவின் பெயரைக் கடைசிவரை உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டபோதும் பக்கத்தில் நின்ற பிள்ளையைச் சொல்லச் சொன்னாள். பயனாளி அவ்வளவு பழமையானவர் அல்லர். தூதரகத்தில் கேட்டால் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் மூன்றையும் சொல்வார். சொல்லும்போது ஏதோ அந்நியரைப் பற்றிச் சொல்வது போலத் தோன்றிவிடக்கூடாதே என்பதுதான் அச்சம்.

பயிற்சி செய்துகொண்டு போங்கள் என்று அறிவுரை வருகிறது. கணவர் எந்தப் பக்கம் படுப்பார், என்ன பற்பசை, மாமியாரின் உடன்பிறந்தோர் எத்தனை பேர். மனுதாரர் கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அனுப்பினார். இரண்டு நாள் ஒப்பித்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் எங்களுக்கே எங்கள் மேல் ஐயம் வந்துவிட்டது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவு நினைவுக்கு வந்தது. 1910 முதல் 1940 வரை அங்கிருந்த குடிவரவு நிலையத்தில் சீனர்களை நாள்கணக்கில் விசாரித்தார்கள். உன் வீட்டுக்கு எத்தனை படிகள், கிணறு எந்தத் திசையில், அரிசிப் பானை எங்கே இருக்கும் என்று கேட்பார்கள். முன்பே வந்த உறவினர் சொன்னதோடு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே விடைகளை எழுதிக்கொண்டு கப்பலில் மனப்பாடம் செய்து, கரை சேருமுன் தாளைக் கடலில் எறிந்தார்கள். போலி மகன்கள் மட்டுமல்ல, மெய்யான மகன்களும் அப்படியே செய்தார்கள். சொந்த வீட்டுப் படிகளை எண்ணி வைத்திருப்பவர் யார்? உண்மையைச் சொல்பவனும் பொய்யன் போலவே தயாராக வேண்டியிருந்தது. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டோம். மனுதாரர் எந்தப் பக்கம் படுப்பார் என்பது பயனாளிக்குத் தெரியும். தெரியாதது கேட்டால் தெரியாது என்று சொல்லப்படும்.

மறுத்துவிட்டால்? தாள் குறைவு என்றால் 221(ஜி) என்று ஒரு சீட்டு தருவார்கள், கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். மணத்தையே ஐயுற்றால் மனுவை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போலி மணம் என்றே முடிவாகிவிட்டால் பிறகு அந்தப் பயனாளிக்காக எந்த மனுவும் ஏற்கப்படாது, அது ஆயுள்தண்டனை. நீதிமன்றமும் பெரும்பாலும் துணைக்கு வராது. லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கறிஞர் சாண்ட்ரா முனோஸ், எல்சால்வடோர் நாட்டவரான தம் கணவருக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம்வரை போனார். அங்கே ஐயம் மணத்தின் மேல் அன்று. கணவரின் உடலிலிருந்த பச்சைகுத்தல் ஒரு குற்றக் கும்பலின் அடையாளம் என்று கருதிவிட்டார்கள். அவர் மறுத்தார். 2024 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டவரான துணையை உள்ளே அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை குடிமக்களுக்கு இல்லை என்றது நீதிமன்றம். மணம் செய்துகொள்ள உரிமை உண்டு. உடன் வாழ இடம் கேட்கும் உரிமை இல்லை. இதை மனுதாரர் படித்துச் சொன்ன அன்று வழக்கமான 'சாப்பிட்டாச்சா'கூட விடுபட்டுப் போயிற்று.

அப்படியானால் நானே வந்துவிடுகிறேன் என்கிறார் மனுதாரர். எங்கள் வழக்கில் மிகவும் கூரான இடம் இதுதான். அதிகாரி கேட்கலாம்: அவர் ஏன் இங்கே வரக்கூடாது? உண்மையான விடை ஒரு பையன். முதல் மணத்தில் பிறந்தவன், பதினைந்து வயது. வாரத்தில் மூன்று நாள் தந்தையோடு இருப்பான். அவனுக்குப் பதினெட்டு ஆகும்வரை மனுதாரர் அந்த ஊரைவிட்டு நகர முடியாது. நகர்வதைப் பயனாளியும் ஒப்பமாட்டார். எங்கள் மணத்தின்போது திரையில் தோன்றித் தமிழும் ஆங்கிலமும் கலந்து வாழ்த்தினான். 'ஆன்ட்டி' என்பான். வேறு பெயரை நாங்கள் அவனிடம் கேட்கவில்லை. இவனைப் பற்றிச் சொல்லும்போது, ஓ, வீட்டுக்கு ஒரு பணிப்பெண் தேவைப்படுகிறாள் போலும் என்று அதிகாரிக்குத் தோன்றுமோ என்று மனுதாரர் அஞ்சுகிறார். பயனாளிக்கு அந்த அச்சம் இல்லை. பையனைச் சொல்லாமல் விடுவதாக இருந்தால் மும்பைக்குப் போகவே வேண்டாம் என்பது பயனாளியின் கட்சி. முன்னே சொன்ன இரண்டு திருத்தங்களில் ஒன்று இந்தப் பத்தியில்தான். 'மாற்றாந்தாய்' என்று எழுதியிருந்ததை எடுக்கச் சொன்னார்.

இந்தப் பக்கம் அம்மா. எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை, எழுபத்தாறு வயது. விசா கிடைத்தால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் புறப்பட வேண்டும். கல்லூரியில் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. தம்பி வீடு கோவில்பட்டியில் இருக்கிறது. அம்மா அங்கே போக மறுக்கிறாள். ஆக, மறுப்புக்கு அஞ்சுகிறோம் என்பது பாதிதான். கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அதற்கு அடியில் கிடக்கிறது. இதைக் கேட்கும் படிவம் எதுவும் இல்லை. கேட்டிருந்தால் 'ம்' என்று நிரப்பியிருப்போம்.

கோப்பில் இப்போது நூற்றுப் பதினேழு தாள்கள் இருக்கின்றன. செய்திகளிலிருந்து நான்கு பக்கங்களை மட்டும் மொழிபெயர்ப்போடு வைத்திருக்கிறோம். மூட்டுவலி உள்ள பக்கமும் அதில் உண்டு. மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கேட்டிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் அம்மா, வலியோடு, நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்க் காந்திமதி அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை.