ஏழில் செவ்வாய்

ஒரு நாவலைச் ‘சொந்தக் கதை’ என்று சொல்லிவிட்டால் விமர்சகனுக்கு வேலை மிச்சம். ஆர்.கே. நாராயணின் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ (1945) விஷயத்தில் இதுதான் நடந்தது. அதில் கற்பனை சொற்பமே என்று அவரே தன் சுயசரிதையில் (‘மை டேஸ்’, 1974) எழுதிவிட்டார். பிறகு யார் ஆட்சேபிப்பது?

எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. அவர் மனைவி ராஜம் 1939இல் டைபாய்டில் இறந்தாள். நாவலின் சுசீலாவும் அப்படியே. சிறு பெண்குழந்தையோடு தனித்துப்போகும் கணவனும் நிஜம்தான். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்று நாவலில் கிடையாது. 1933இல் கோயம்புத்தூரில், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த பெண்ணைக் கண்டு, அவள் தகப்பனாரிடம் தானே போய்ப் பெண் கேட்டவர் நாராயண். ஜாதகம் பார்த்தார்கள். பையனுக்கு ஏழில் செவ்வாய், கட்டினவள் தங்கமாட்டாள். அதை மீறித்தான் கல்யாணம்.

இந்த ஜாதகம், ராஜம் உயிரோடிருக்கையிலேயே வெளிவந்த ‘தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ நாவலுக்குப் (1937) போய்விட்டது. அங்கே செவ்வாய் குறுக்கே நின்று, சந்திரனுக்கு மாலதி கிடைக்காமல் போகிறாள். அதனால் சாவும் இல்லை. பின்வந்த நாவலில் மனைவி சாகிறாள், செவ்வாயைக் காணோம். வீடு பார்க்கப் போன இடத்தில், அசுத்தமான கக்கூஸில் அகப்பட்டுக்கொண்ட சுசீலாவின் உதட்டில் ஒரு ஈ உட்காருகிறது. கிரகத்தின் வேலையை ஈ பார்த்துவிடுகிறது. போதாததற்கு, சாகும் தேதி முன்கூட்டியே சொல்லப்பட்ட பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் அந்தத் தேதியைத் தாண்டியும் உயிரோடிருக்கிறார். ஆவியோடு பேசும் பின்பகுதியைக் குறை சொல்பவர்கள் இந்த மனிதரைக் கவனிப்பதில்லை. இவர் தற்செயலாக வந்தவர் என்று நான் நம்பத் தயாரில்லை.

எச்சரிக்கையும் சாவும் ஒரே நாவலில் இருந்தால், தெரிந்தே கட்டிக்கொண்டவன் கொன்றவனாகிவிடுவான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்ல நாராயணுக்கு 35 வருஷங்கள் பிடித்தன; அதற்கும் சுயசரிதை தேவைப்பட்டது.

என் ஜாதகத்திலும் ஏழில் செவ்வாய்தான். ஏதோ பரிகாரம் செய்து சமாளித்தார்கள். இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னபோது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்:

“ஜாதகம் இப்படின்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? அவகிட்ட யாராவது சொன்னாங்களா?”

சுசீலாவிடம் இதைக் கேட்க முடியாது. அவள் கதையில் அப்படி ஒரு ஜாதகமே இல்லை. ராஜத்திடம் கேட்டிருக்கலாம்.