பகலில் மட்டும் கல்லூரி ஊர்

கடைகள் திறப்பதும் அறை வாடகை ஏறுவதும் தேநீர்க் கடையில் கூட்டம் சேர்வதும் கல்லூரியின் கால அட்டவணையைப் பின்பற்றி நிகழும் சிறுநகரத்தைக் கல்லூரி ஊர் எனலாம். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் சிதம்பரம் இவ்வகை ஊரானது. அரியலூரோ பகலில் மட்டுமே அவ்வாறு விளங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் முப்பதாயிரத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட இந்நகரில் 1965இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரியின் மாணவர்களில் பலர், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து காலையில் பேருந்தேறி வந்து மாலையில் வீடு திரும்புபவர்கள்.

இந்த வந்துபோகும் படிப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் பணம் கட்ட இயலாத முந்திரிக்காட்டுக் குடும்பங்களில், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவரான முதல் தலைமுறைப் பட்டதாரி, குறிப்பாகப் பெண், படிக்க முடிவதற்கு அருகிலேயே ஒரு கல்லூரி இருப்பது முதற்காரணம். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கிடைத்துவரும் கட்டணமில்லாப் பயணமும், அரசுப் பள்ளி மாணவியரின் உயர்கல்விக்கு 2022 முதல் வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாயும் அந்த அருகாமைக்கு வலுச் சேர்த்துள்ளன.

ஆனால் அதே பேருந்துதான் கல்வியின் பாதியைப் பறித்தும் செல்கிறது. வகுப்பு முடிந்தபின் நூலகத்தில் அமர்வது, மரத்தடியில் ஆசிரியரோடு வாதிடுவது, வேற்றூர் நண்பனின் அறையில் புதிய நூலொன்றைக் கண்டெடுப்பது ஆகியவை மாலைப் பொழுதுக்கு உரியவை. அப்பொழுது மாணவர் பேருந்து நிலையத்தில் நிற்கிறார். அருகாமைக்கு வேறோர் எல்லையும் உண்டு: அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் 150 இடங்களும் கலந்தாய்வு வழியே நிரம்புவதால், ஊரில் கல்லூரி இருப்பதனாலேயே ஊர்ப் பிள்ளைக்கு அங்கு இடம் உறுதியாகிவிடுவதில்லை. பட்டம் பெற்றவர்களில் பலர், சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்த சிமெண்ட் ஆலைகளைக் கடந்து, சென்னைக்கோ திருச்சிக்கோ ரயிலேறுகின்றனர்.

இவற்றினும் வருத்தம் தருவது வேறொன்று. கிரிட்டேசியஸ் காலத்தில், அதாவது ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலப்பகுதியில், இம்மண்ணின் மீது கடல் பரவியிருந்தது. சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு முதலான உயிரினங்களின் புதைபடிவங்களைத் தேடி நிலவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டு முதல் இங்கு வருகின்றனர். உலகம் தேடி வரும் அந்த நிலத்தின் மீதுதான் இம்மாணவர்களில் பலர் அதன் சிறப்பை அறியாமலே நாள்தோறும் பயணம் செய்கின்றனர். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அவர்களைப் பாடத்தின் பகுதியாகவே அழைத்துச் செல்ல வேண்டும். இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் வாசிப்பறையும், அதன்பின் கிராமங்களுக்குப் புறப்படும் பேருந்தும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.